ஒரு வண்டி, இரண்டு இஸ்மத்

ஷோரூம் முற்றத்தில் தன் காருக்குள் எவனோ ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இஸ்மத்துக்குச் சுள்ளென்று வந்தது.

கையில் அம்மா கொடுத்தனுப்பிய நீலமணிச் சரம். கண்ணேறு படாமல் இருக்க, வண்டியை எடுத்தவுடன் பின்பார்வைக் கண்ணாடியில் கட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. இங்கே என்னடாவென்றால், வண்டியே இன்னும் தொடப்படாத நிலையில் ஒருத்தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறான்!

ஐந்து மாதம்... முழுசாக ஐந்து மாதம் காத்திருந்த கார். ஜூலையில் பதிவு செய்தாள். செப்டம்பரில் வரும் என்றார்கள். அப்புறம் அக்டோபர். அப்புறம், "துடைப்பத்துக்கு முன்னாடி நிச்சயம்மா" என்றார் விற்பனையாளர் ஃபிக்ரி. அலெக்ஸாந்திரியாவில் குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. நவம்பர் நடுவில் துடைப்பம் வந்தது, கடற்கரைச் சாலையைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போனது. கார் மட்டும் வரவில்லை. எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்தான்... "நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்!"

அந்த 'நாளைக்கு' என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வராதா பின்னே? புர்ஜ் அல் அரபில் புதிதாகத் திறக்கும் மறுவாழ்வு மையத்தில், இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கே அவளைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு வயதில்! ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சேர வேண்டும். இன்னும் இரண்டே வாரம்.

கார்க் கண்ணாடியை நறுக்கென்று தட்டினாள்.

"சார்... கொஞ்சம் இறங்குறீங்களா?"

கண்ணாடி இறங்கியது. பேரீச்சம்பழ நிறத்தில் இரண்டு கண்கள் அவளை நிமிர்ந்து பார்த்தன. பார்த்தவை உடனே திரும்பவில்லை.

"ஏங்க?"

"இது என் வண்டி."

"அப்படிங்களா? நான் என் வண்டின்னு நெனச்சு உக்காந்துட்டேன்."

"கிண்டலா?"

"சத்தியமா இல்லைங்க. இவங்கதான் போன் பண்ணாங்க. 'இஸ்மத் சார், வண்டி வந்துடுச்சு, உடனே வாங்க'ன்னு."

"இஸ்மத்தா? அது என் பேரு!"

"என் பேரும் அதாங்க..."

"சரி, அப்பா பேரு?"

"ஷௌகி."

"என் அப்பா பேரை நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது வேறு... அது இன்னொரு எரிச்சல்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஃபிக்ரி ஓடி வந்தார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ரெண்டு பேரா நீங்க?"

"பின்னே எத்தனை பேருன்னு நெனச்சீங்க?"

"இல்ல டாக்டர்மா... ஒரே நாள்ல ரெண்டு படிவம். ரெண்டுலயும் இஸ்மத் ஷௌகி. தாத்தா பேருக்கு நான் முதல் எழுத்து மட்டும்தான் போடுவேன். ரெண்டுக்கும் 'த'. ஒரே ஆளுதான் தெரியாம ரெண்டு தடவை எழுதிட்டாருன்னு..."

"தஸூக்கி! என் தாத்தா பேரு தஸூக்கி!"

"எங்க தாத்தா தர்வேஷ்" என்றான் அவன் பணிவாக.

"அஞ்சு மாசமா உங்களுக்கு ரெண்டு குரல் வருதே ஃபிக்ரி சார்! காலையில நான் திட்டுறேன், சாயங்காலம் இவர் கெஞ்சியிருப்பாரு. அப்பகூடவா தோணல?"

ஃபிக்ரி தலையைச் சொறிந்தார். "நான் இவரோட வீட்டம்மா பேசுறாங்கன்னு நெனச்சுட்டேன்..."

சட்டென்று மழை பிடித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. மூவரும் உள்ளே ஓடினார்கள். இல்லாவிட்டால் இஸ்மத்தின் கன்னம் அந்தப் புதுக் காரின் மாதுளைச் சிவப்புக்குப் போனதை அவன் பார்த்திருப்பான். பார்த்துவிட்டான் என்பது வேறு விஷயம்.

வந்தது ஒரே வண்டி. அடுத்தது வர இன்னும் ஆறு மாதம். கெய்ரோ தலைமை அலுவலகத்துக்கு முதலில் போன படிவம் யாருடையதோ, அவர்களுக்குத்தான் இது. தாத்தா பெயரை முழுசாக எழுதிக் கடிதம் அனுப்பச் சொல்லித் தலைமை அலுவலகத்தைக் கேட்பதாகச் சொன்னார் ஃபிக்ரி.

"எப்போ வரும்?"

"நாளைக்கு, இன்ஷா..."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்க, நடக்கறது வேற!"

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவள் காலை பத்து மணிக்கே போய்விட்டாள். தான் இல்லாத நேரத்தில் அவன் வண்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டால்? அவனோ அவளுக்கு முன்பே வந்து, ஷோரூமுக்குள் கண்ணாடிச் சுவரோரம், வெளியே நின்ற வண்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக.

"காவலா?" என்றாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்."

"கடை கண்ணி இல்லையா உங்களுக்கு?"

"இருக்குங்க. ரம்ல் ட்ராம் நிலையத்துக்கிட்ட மூக்குக்கண்ணாடிக் கடை. தம்பி பாத்துக்குவான். இந்த வண்டி வந்தா அமீரியா பக்கம் ஊர் ஊரா லென்ஸ் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க் கண் டெஸ்ட் பண்ணலாம்னு. அங்கெல்லாம் பிள்ளைங்க கரும்பலகை தெரியாமலே படிப்பை விட்டுடுதுங்க... மக்குன்னு பேரு வேற."

இப்படிச் சொல்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? இஸ்மத் முயன்று பார்த்தாள். அன்று மதியம்வரை முயன்றாள்.

ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கூப்பிடுவது கஷ்டமாக இருந்தது. அவள் அவனை 'தர்வேஷ்' என்றாள், அவன் அவளை 'தஸூக்கி' என்றான். புதன்கிழமை அவன் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்தான். வியாழக்கிழமை அவள் வாசலில் நின்ற தள்ளுவண்டியில் இரண்டு கோப்பை ஹலபிஸ்ஸா வாங்கினாள். எலுமிச்சையும் மிளகாயும் போட்ட அந்தக் கொண்டைக்கடலைச் சாற்றைக் குடித்துவிட்டு அவன் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான்.

"காரம் ஆகாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க வாங்கிக் குடுத்தீங்களே..."

அவள் வெளியே பார்த்தாள். மழை கண்ணாடியில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மனசுக்குள்ளும் ஏதோ இறங்கியது... என்னவென்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று அவன் தொழுகைக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. ஃபிக்ரியின் மேஜைமேல் தேநீர்க் கோப்பைக்கு அடியில் ஒரு கடிதம். கெய்ரோ முத்திரை. இஸ்மத் கோப்பையை ஒரு விரலால் நகர்த்தினாள்.

இஸ்மத் ஷௌகி தர்வேஷ்.

வண்டி அவனுடையது. ஓரத்தில் கடிதம் வந்த தேதி, செவ்வாய்க்கிழமை! மூன்று நாளாக இந்த மனிதர் இதன்மேல் தேநீர் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் ஃபிக்ரியை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்றோ, அவருடைய மறதிக்கு மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டுக் கோப்பையைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

வேலை போய்விடும். அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. ஆனால் அதற்குமேல் இன்னொன்று... இதைச் சொன்ன நிமிஷம் அவன் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். இந்த இரண்டாவது நாற்காலி யாருக்கு?

தர்வேஷ் திரும்பி வந்தான். "என்ன தஸூக்கி, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே!"

"உங்க இடது கண்ணு சுருங்குதே. எதையாவது மறைச்சாத்தான் அது சுருங்கும்."

"கடைக்கு வர்றவங்ககிட்ட இந்த வித்தையெல்லாம் காட்டுங்க!"

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாளை வெள்ளி. விடுமுறை. அந்த ஒரு நாள் நகரவே இல்லை, அம்மாவிடம் மூன்று முறை மணி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை சொல்லப் போனாள். அவன் கடையிலிருந்து எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து ஃபிக்ரியின் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தான். 'த'வுக்கும் 'த'வுக்கும் வித்தியாசம் தெரியாத கண் என்று அவள் சொல்ல, மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாளைக்கு... ஞாயிறும் போயிற்று. நாளைக்கு... ஐந்து மாதமாக எந்த வார்த்தையைத் திட்டித் தீர்த்தாளோ, அதையே அவள் மிட்டாய் மாதிரி வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

திங்கட்கிழமை காசிம் புயல் வந்துவிட்டது. கடல் சாலையில் ஏறி அடித்தது. இன்னும் ஆறே நாளில் வேலையில் சேர வேண்டும். போதும் என்று முடிவெடுத்தாள். இஸ்மத் தஸூக்கி எதையும் திருடி வைத்துக்கொள்கிறவள் இல்லை, நாட்களைக்கூட!

நனைந்த குடையை மடக்கினாள். நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"வண்டி உங்களுது. கடிதத்துல தர்வேஷ்னு இருக்கு. வியாழக்கிழமையே பாத்துட்டேன். சொல்லாதது என் தப்பு. எடுத்துட்டுப் போங்க."

அவன் எழுந்தான். அந்த நேரம் பார்த்து ஃபிக்ரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"டாக்டர்மா, ஒரு வாரமா உங்ககிட்ட நான் திட்டு வாங்குறேன். அஞ்சு மாசம் லேட்டானது என்னால, ஒத்துக்கறேன். இந்த ஒரு வாரம் லேட்டானது சத்தியமா என்னால இல்ல! செவ்வாய்க்கிழமை காலையிலேயே இவர்கிட்ட கடிதத்தைக் காட்டிட்டேன். 'நாளைக்கு வரும்னு சொல்லுங்க'ன்னு இவர்தான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு!"

இஸ்மத் அவனைப் பார்த்தாள். காது மடல் சுட்டது.

"தெரியுமா உங்களுக்கு? ஆறு நாளா தெரியுமா? பாவம், வண்டி இல்லாத பொண்ணு, கொஞ்ச நாள் கனவு காணட்டும்னு கிழங்கு வாங்கிக் குடுத்தீங்களா?"

"ஐயோ, அப்படி இல்ல தஸூக்கி... வண்டியை நீங்களே வச்சுக்கோங்க, நான் ஆறு மாசம்..."

"பிச்சையா போடுறீங்க?"

அவ்வளவுதான். குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

ட்ராம் நிறுத்தத்தில் நின்றபோது கன்னத்தில் ஓடியது மழையா வேறொன்றா என்று அவளுக்கே தெரியவில்லை. வேலை போனது வருத்தம்தான். வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அந்தத் தைரியம் அவளிடம் எப்போதும் உண்டு. ஆனால் அவன் பரிதாபப்பட்டான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவனிடமிருந்து பரிதாபம் வேண்டாம், வேண்டியது வேறு... அட, இது எப்போது ஆயிற்று?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மாதுளைச் சிவப்புக் கார் ஒன்று, தவளை மாதிரி தத்தித் தத்தி வந்தது. நின்றது. உறுமியது. மறுபடி துள்ளியது. கடைசியில் தண்டவாளத்துக்கு நடுவே வந்து ஒரேயடியாக அணைந்து போனது. எதிரே ட்ராம் வந்து நின்று மணியை விடாமல் அடித்தது. சன்னலுக்குச் சன்னல் தலை நீண்டது.

"யாருய்யா இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது?"

"தள்ளுங்கப்பா, மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியல!"

உள்ளே தர்வேஷ் வியர்த்து வழிந்தபடி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். அவன் பக்கத்து இருக்கையில் அவளுடைய குடை.

இஸ்மத் கதவைத் திறந்தாள். "நகருங்க அந்தப் பக்கம்."

அவன் நகர்ந்தான். அவள் உட்கார்ந்தாள், கிளட்சை மிதித்தாள், கியரைப் போட்டாள். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வந்தது. பின்னால் ட்ராமில் கைதட்டினார்கள்.

"உங்களுக்கு ஓட்டவே தெரியாதா?"

"லைசென்ஸ் இருக்கு... என் இடது காலுக்கும் கிளட்சுக்கும்தான் ஆகல. சாவியை வாங்கினா உங்க முன்னாடி ஓட்டிக் காட்டணுமே. அது ஒரு பயம்."

"இன்னொண்ணு?"

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"செவ்வாய்க்கிழமையே நான் வண்டியை எடுத்திருந்தா, புதன்கிழமை நீங்க வந்திருக்க மாட்டீங்க. அந்தப் பயந்தான் பெருசு. பரிதாபம் இல்ல தஸூக்கி. உங்களைப் பாத்துப் பரிதாபப்பட எவனுக்கு தைரியம் வரும்? எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. கண்ணாடி இறங்கின அன்னைக்கே. அஞ்சு மாசம் காத்திருந்த வண்டிய நானே ஒரு வாரம் நிறுத்தி வச்சேன்னா பாத்துக்கோங்க."

மழை கண்ணாடியில் அடித்தது. இஸ்மத் சாலையை மட்டும் பார்த்தாள். கடைக்கண்ணில் அந்தப் பேரீச்சம்பழக் கண்கள்...

"வியாழக்கிழமைலேர்ந்து நானும் வண்டிக்காக வரல" என்றாள். "என் இடது கண்ணு சுருங்குதா, பாத்துச் சொல்லுங்க."

அவன் குனிந்து, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான். "இல்ல... துளிகூட இல்ல."

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு உங்க கடை வாசல்ல நிப்பேன். அமீரியா என் வழியிலதான் இருக்கு. உங்களை இறக்கிட்டு நான் புர்ஜ் அல் அரப் போறேன், சாயங்காலம் ஏத்திக்கறேன். இது பிச்சை இல்ல. வண்டி உங்களுது, ஓட்டறது நான். சரியா?"

"சரி. கல்யாணப் பத்திரிகையில ரெண்டு பக்கமும் இஸ்மத் ஷௌகின்னு போட்டா அச்சுப்பிழைன்னு நெனப்பாங்களே..."

"தாத்தா பேரை முழுசா போடச் சொல்லுவோம். ஃபிக்ரி சார்கிட்ட மட்டும் எழுதக் குடுக்காதீங்க."

சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உங்க அப்பாவைப் பாக்க... எங்க அம்மாவைக் கூட்டிட்டு... நாளைக்கு வரட்டுமா?"

இஸ்மத் வண்டியை ஓரம் கட்டினாள். பைக்குள்ளிருந்து அந்த நீலமணிச் சரத்தை எடுத்து பின்பார்வைக் கண்ணாடியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"நாளைக்குங்கற வார்த்தையே எனக்கு ஆகாதுன்னு தெரியாதா? வீடு எங்கேன்னு சொல்லுங்க, உங்க அம்மாவை இப்பவே ஏத்திக்கலாம். இன்னைக்கு!"