உப்புவெளியில் ஒரு சுற்று மாத்தே

வண்டியின் பின் இருக்கையிலிருந்து திரும்பி வந்த மாத்தே இலைத்தேநீர்க் குடுவையின் உறிஞ்சுகுழல் சில்லென்றிருந்தது. மாரியேலா பிளாஸ்க்கைச் சாய்த்துத் தன் பங்குக்குக் கொதிநீர் ஊற்றினாள். இலையின் கசப்பு மணம் ஆவியோடு எழுந்து முகத்தில் அடித்தது. ஆனால் வாயில் வைத்தபோது உலோகக் குழல் அப்போதும் பனிக்கட்டியாகத்தான் இருந்தது. வெளியே அடிக்கிற காற்றுக்கு எதுதான் சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உறிஞ்சினாள்.

குழலைத் துடைத்துவிட்டுக் குடிப்பவனை அவர்களுடைய உருகுவேயில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். குடுவை ஒன்று, குழல் ஒன்று. ஊற்றுகிறவள் மாரியேலா; வண்டி ஓட்டும் யமண்டுவுக்கு ஒரு முறை, பின்னால் படுத்திருக்கும் கொன்சாலோவுக்கு ஒரு முறை, பிறகு தனக்கு. மோந்தெவிதேயோவில் கிளம்பியதிலிருந்து இந்தச் சுற்று ஓயவே இல்லை.

பொலிவியாவின் உயரம் மூவருக்குமே ஒத்துக்கொள்ளவில்லை. கொன்சாலோவைத்தான் அது படுக்கப் போட்டுவிட்டது. விடியற்காலையிலிருந்து வாந்தி. உதடெல்லாம் நீலம். இருட்டுவதற்குள் உப்புவெளியைக் கடந்து ஊயுனி நகர மருத்துவமனையில் ஆக்சிஜன் வைக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று, கடைசியாகப் பார்த்த ஊரில் நர்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவன் முனகியதால் முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரையின் நடு இடைவெளியில் மாரியேலா குடுவையை நீட்டுவாள், அது வாங்கப்படும், காலியாகத் திரும்பி வரும். திரும்பி வரும்வரை அவன் இருக்கிறான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"டேய் கொன்சா, கடைசிச் சொட்டு வரைக்கும் விடமாட்டியா?" என்றான் யமண்டு.

திரைக்குப் பின்னாலிருந்து நீளமாக ஓர் உறிஞ்சல்.

"கேட்டியா? உடம்புதான்டி சரியில்ல. வாய் நல்லாத்தான் இருக்கு."

"சும்மா இருடா. பேசக்கூட முடியாம கெடக்கான்."

மதியம் அவன் வாந்தியெடுக்க வண்டியை நிறுத்தியது அவளுக்கு நினைவு வந்தது. ஈ காக்காய் இல்லாத வெண்மை, காலடியில் நொறுங்கும் உப்பு, காற்றின் ஒரே சுரத்து ஊளை. கொன்சாலோ தள்ளாடி ஏறிக் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கக் கதவும் சாத்தப்பட்டது. பையை எடுத்து வைக்கிறான் என்று அப்போது நினைத்தாள்.

உதடு மரத்திருந்தது. உயரத்தைத் தாங்க மெல்லும் கோகா இலையால் அப்படித்தான் இருக்கும். ஆனால் இலையைத் துப்பி வெகுநேரம் ஆகிவிட்டது. மரப்பு தாடைக்கு இறங்கி, கழுத்துக்கு வந்து, இப்போது தோளில் இருந்தது. யமண்டுவுக்கு ஊற்றும்போது கை தவறிக் கொதிநீர் பெருவிரலில் கொட்டியது. விரல் சிவந்து பொங்கியது. வலிக்கவில்லை.

"என் கால் எங்க இருக்குன்னே தெரியல," என்று யமண்டு சிரித்தான். சிரிப்பு அவன் வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது.

அவன் குடித்து முடித்ததும் குடுவையைப் பின்னால் நீட்டினாள். வாங்கப்பட்டது. ஏதோ தோன்றி, கொன்சாலோவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமென்று தன் பக்கத்துப் போர்வை ஓரத்தை விலக்கினாள்.

கண்ணாடியில் தலை சாய்த்திருந்தான். தூக்கப்பை தாடை வரை மூடியிருந்தது. இரண்டு கைகளும் உள்ளே. வாயோரத்து வாந்தி காய்ந்து வெடித்திருந்தது. திறந்த கண்களின் மேல் மெல்லிய உப்புத்தூள். அது படிய வெகுநேரம் ஆகியிருக்கும்.

அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சிறு வயதிலிருந்து கூட வந்தவன். அழுகை வரவில்லை. அதுவும் மரத்துப் போயிருந்தது.

அப்போது உறிஞ்சும் சத்தம் கேட்டது. யமண்டுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

நிதானமாக.

"யமண்டு... வண்டிய நிறுத்து."

"நிறுத்தத்தான் பாக்குறேன்." அவன் குரலில் பயமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. "கால் ஆக்ஸிலேட்டர விட்டு எந்திரிக்க மாட்டேங்குது, மாரி."

வேகமானியின் முள் ஏறியது. எஞ்சின் அலறியது. முன்னால் வளைவில்லை, சுவரில்லை, மோத ஒரு கல் கூட இல்லை.

கதவைத் திறக்க நினைத்தாள். கை மடியிலேயே கிடந்தது. கழுத்தைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை.

போர்வை விலகியது.

ஒரு கை. உப்பு நிறம். நகங்கள் இல்லை. அவள் மடியிலிருந்த பிளாஸ்க்கை எடுத்தது. திருகித் திறந்தது. இடைவெளியில் இன்னொரு கை பிடித்திருந்த குடுவை தெரிந்தது. ஒரு சொட்டு சிந்தாமல், அதில் விளிம்பு வரை ஊற்றியது.

பிறகு, விருந்தாளிக்குக் கொடுப்பது போல, குழலின் முனையை அவள் பக்கம் திருப்பி, உதட்டருகே கொண்டுவந்து பிடித்தது.

அவள் வாய் தானாகத் திறந்தது.