தோளில் விழுந்த கை

லுவோவுக்கு முழங்கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தன. சோங்சிங் நகரத்துப் படிகள் அப்படி. ஆற்றங்கரையில் தொடங்கிப் பனிமூட்டத்துக்குள் போய்த்தான் முடியும். பாதி வழியில் கைப்பிடிக் கம்பியைப் பற்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து ஒரு கை அவன் இடது தோளைத் தட்டியது.

திரும்பினான். சுரங்கப்பாதை வேலையில் கூட இருந்த சாங்லின் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா லுவோ, இதுக்கே நாக்கு தள்ளுது? சிமெண்ட் மூட்டையத் தூக்கிட்டு ஓடின காலா இது?"

லுவோ சிரித்துவைத்தான். ஆனால் தோள் சில்லிட்டுப் போயிருந்தது. மலையைக் குடைகிறவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பின்னாலிருந்து தொடமாட்டார்கள். மனுஷனுக்கு மூன்று விளக்கு. தலையில் ஒன்று, தோளுக்கு ஒன்று. பின்னாலிருந்து தட்டினால் விளக்கு அணையும். மூன்றும் அணைந்தவனைச் செத்தவர்கள் வந்து பிடித்துக்கொள்வார்கள். சுரங்கப்பாதை வேலையில் மண்வெட்டி பிடிக்கும் முன்பே சொல்லித்தருவது இதைத்தான். சாங்லினுக்குத் தெரியாததா? பட்டணத்துப் பிழைப்பு, மறந்திருப்பான்.

பெண்டாட்டி செத்தபின் லுவோவை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை. "ஊரைச் சுத்திக் காட்டுறோம், வாடா" என்று பழைய கூட்டாளிகள் சாங்லினும் தெங்கும் ரயில் டிக்கெட்டே அனுப்பியபோது, புதுத் தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். கட்டடத்தின் வயிற்றுக்குள் நுழைந்து வெளியே வரும் ரயிலைக் காட்டினார்கள். இரண்டு நிறத்து ஆறுகள் கலக்கிற துறையைக் காட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. இருவரும் அவன் கூடவே நடக்கவில்லை. பின்னாலேயே வந்தார்கள். அவன் நின்றால் நின்றார்கள்.

சாயங்காலம் உயரத்தில் கம்பியில் தொங்கிப் போகும் வண்டியில் ஆற்றைக் கடந்தார்கள். கீழே தண்ணீர் தெரியவில்லை; பனி மட்டும் பாலாடை போலக் கிடந்தது. சின்னவன் தெங் லுவோவின் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. ஆற்றையோ எதிர்க்கரை விளக்குகளையோ பார்க்காமல் லுவோவின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கை விழுந்தது. ஈரமாக.

"தெங், என்னடா இது?"

"கூட்டம்ணே. இடிச்சிட்டாங்க."

கூட்டம் இல்லை. ஈரக் களிமண் வாசனை வந்தது. அதோடு வெடிமருந்துப் புகை. கண்ணாடியில் தெங்குக்குப் பின்னால் இன்னொரு தலை தெரிந்தது. லுவோ திரும்பியபோது அங்கே வெறும் தகரச் சுவர்.

சாப்பாட்டுக்குக் கூட்டிப்போன இடம் போர்க்காலப் பதுங்கு சுரங்கம். இப்போது மேசையிலேயே குழம்பைக் கொதிக்கவிட்டுச் சாப்பிடும் கொதிசட்டிக் கடை. வாசல் பக்கம் நாலைந்து மேசைகளில் மிளகாய் எண்ணெய் கொதித்து நாக்கை இழுத்தது. சாங்லின் கடைசி மேசைக்கு நடத்தினான். அதற்கப்புறம் விளக்கில்லை. இருட்டுதான் நீண்டு போனது.

மேசையில் நாலு கிண்ணம்.

"நாலாவது யாருக்குடா?"

தெங் மாட்டுக் குடலை நாலாவது கிண்ணத்துச் சோற்றின் மேல் வைத்தான். சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்தினான். செத்தவர்களுக்குத்தான் அப்படி நடுவார்கள்.

"குவாங்ஃபூ வர்றான்ணே," என்றான். "தினம் வர்றான். கட்டிலுக்கடியில படுத்துக்கிறான். மண்ணைத் துப்பிட்டே இருக்கான்."

குவாங்ஃபூ இவர்களோடு சுரங்கப்பாதையில் வேலை செய்தவன், பாறை சரிந்து செத்தவன். லுவோ அந்த வாரம் காய்ச்சலில் ஊரில் கிடந்தான்.

"அன்னைக்கு பாறைக்குக் குடுத்த முட்டுக்கட்டையத் தோள்ல தாங்கிப் பிடிச்சு, 'ஓடுங்கடா, ஓடிட்டு உடனே ஆளக் கூட்டிட்டு வாங்க'ன்னான்," சாங்லின் சாராயக் கோப்பையைப் பார்த்தபடி பேசினான். "நாங்க கூட்டிட்டுப் போகல. உள்ள யாருமில்லன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டோம். பயம். கான்கிரீட்ட ஊத்தி மூடிட்டாங்க."

லுவோ தன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான்.

"குறி சொல்றவகிட்ட போனோம். கூட வேலை செஞ்சவனா ஒருத்தன் வேணுங்கிறானாம்."

"அதுக்கு நானாடா? நான் அங்க இல்லவே இல்லியேடா."

"எங்களுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. உனக்கு அழ யாருடா இருக்கா?"

சாங்லின் திட்டவில்லை. கேலி செய்யவுமில்லை. கூலி பேசுகிற குரலில் சொன்னான். அதுதான் லுவோவின் நெஞ்சில் இறங்கியது. எழப் பார்த்தான். கால் வரவில்லை. சாங்லின் எழுந்து பின்னால் வந்தான். புதுத் தொப்பியைக் கழற்றினான். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல், மெதுவாக ஒரு தட்டு.

சட்டி கொதிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தமில்லை.

மிளகாய் வாசனை போயிற்று.

இருவரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். திரும்பவில்லை. "சாங்லின்," என்று கூப்பிட்டான். குரல் வரவில்லை. தொண்டையில் மண்.

பின்னால் எதுவோ தரையில் இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது.

எதிர் நாற்காலி நகர்ந்தது.

குவாங்ஃபூ உட்கார்ந்தான். ஒரு தோள் காதுக்கு மேல் நசுங்கி ஏறியிருந்தது. கண் குழிகளில் சிமெண்ட். சோற்றைத் தொடவில்லை. லுவோவின் மணிக்கட்டைப் பிடித்தான். பழகின பிடி. கோபம் இல்லாத பிடி.

பிறகு முகத்தை வாசல் பக்கம் திருப்பினான். தூரத்தில், வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்த இரண்டு முதுகுகள். மற்றக் கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினான். லுவோவைப் பார்த்து ஒன்றை மடக்கினான்.

சாங்லினும் தெங்கும் அவனுக்குத் தரவேண்டியது இரண்டு உயிர். இன்னும் ஒன்று பாக்கி.