எல்லைக் கல்லிலிருந்து வந்தவள்

பின்னால் வந்த காலடிச் சத்தம் யூலிசாவுடையது இல்லை.

மகள் நடந்தால் டயர் செருப்பு வறண்ட தரையில் சரக், சரக்கென்று உரசும். இதுவோ நனைந்த ஷூவின் சளக், சளக். சாபினா மகளின் ஸ்வெட்டரை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், பின்தொடர்ந்து வரும் உயிர் அங்கேயே நின்றுவிடும்.

போன வாரம் லாமா மேய்க்கப் போன யூலிசா, பொலிவியா முடிந்து சிலே தொடங்கும் எல்லைக் கல்லடியில், வெனிசுவேலாவிலிருந்து சிலேவுக்குப் பிழைக்கக் கிளம்பி வந்து குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்த ஒரு சிறுமியைப் பார்த்துவிட்டாள். அலறியடித்து வீடு வந்தது உடம்பு மட்டும்தான். பயத்தில் நழுவிய உயிர் கல்லடியிலேயே தங்கிவிட்டது. பேச்சில்லை. ஒரு வாய் சூப் இறங்கவில்லை. அவள் துணியைக் காட்டிக் கூப்பிட்டு உயிரை அழைத்து வராவிட்டால் உடம்பும் போய்விடும்.

கிளம்பும்போதே கணவன் ஃபெர்மின் படித்துப் படித்துச் சொன்னான்: "பேரைச் சொல்லிக் கூப்பிடு. வழக்கம்போல செல்லம், தங்கம்னு கொஞ்சிட்டு நிக்காதே. அப்புறம் ஊரு லாமா எல்லாம் உன் பின்னாடியே வந்துடும்!"

கல்லைக் கண்டதும் அதெல்லாம் மறந்துபோனது. ஸ்வெட்டரை உதறி உதறி அழுதாள். "வாடி தங்கம்... அம்மா வந்திருக்கேன்... வீட்டுக்குப் போலாம்..."

பேர் வாயில் வரவே இல்லை. இப்போதுதான் உறைத்தது.

அந்தி மங்கி, பனிமூட்டம் புல்லை மூடிக்கொண்டே வந்தது. எங்கோ சாண நெருப்பின் புகை நாற்றம். கையிலிருந்த ஸ்வெட்டர் கனத்தது. சில்லிட்டது. முதுகுக்குப் பின்னால் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம்.

நின்றாள்.

அதுவும் நின்றது.

திரும்பிப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் வந்திருப்பது யூலிசாவாகவே இருந்துவிட்டால்?

நடந்தாள்.

வாசலில் ஃபெர்மின் முறைப்படி கேட்டான்: "வந்துட்டாளா?"

இல்லை என்று சொல்ல, பெற்ற மனசு இடம் கொடுக்கவில்லை. "வந்துட்டா."

மகளுக்கு ஸ்வெட்டரைப் போர்த்தியதும் குழந்தை கண் சிமிட்டியது. எழுந்து உட்கார்ந்தது. சூப்பை மடக் மடக்கென்று குடித்தது. ஃபெர்மின் அழுதுகொண்டே சிரித்தான்.

சாபினா அவள் வாயைத் துடைத்துவிட்டாள். உதடு பனிக்கட்டியாக இருந்தது.

குழந்தை அவளை அண்ணாந்து பார்த்தது.

"சிலே வந்துடுச்சா, அத்தை? எங்கம்மா முன்னாடி போயிட்டாங்க."

வெளியே, எல்லைப் பக்கமிருந்து வீசிய காற்றில், வெகு தூரத்தில், யூலிசா "அம்மா... அம்மா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.