ஜெசிந்தாவின் இடது குதிகால்

நடைமானிக்கு முன்னால் வந்ததும் ஜெசிந்தா இடது காலின் கட்டைவிரலைக் காலணிக்குள் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். பன்னிரண்டு எட்டுதான் தூரம். பிசகாமல் நடந்துவிட்டால் பச்சை விளக்கு எரியும். மலேசியாவில் இந்த ஈப்போ போட்டியில் ஆடலாம். பிசகினால் சிவப்பு. சிவப்பு எரிந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

ஸ்குவாஷ் பந்தயம் நடக்கிற இடமெல்லாம் இப்போது வாசலில் ஒரு நடைமானி நிற்கிறது. பார்க்கக் கண்ணாடியில் செய்த வளைவு போல இருக்கும். காயத்தை மறைத்துக்கொண்டு ஆடி, காலை ஒரேயடியாகக் கெடுத்துக்கொள்கிறார்களே இந்தப் பிள்ளைகள் என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். எது சரியான நடை என்று அதற்கு எந்த மருத்துவரும் பாடம் எடுக்கவில்லை. ஊர் ஊராகத் தன் வழியே போகிற ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, பெரும்பாலோர் எப்படி நடக்கிறார்களோ அதுவே நல்ல நடை என்று அதுவாகக் கற்றுக்கொண்டே வருகிறது. பாவம், அதற்கு வேறு யார் இருக்கிறார்கள் சொல்லிக்கொடுக்க?

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பச்சை.

ஜெசிந்தா மூச்சை விட்டாள். நான்கு வருடமாக இப்படித்தான். ஒரு போட்டியில் இடது கணுக்கால் பிசகியது. சொன்னால் ஆறு மாதம் உட்கார வைப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குதிகாலைத் தரையில் முழுதாக ஊன்றவும் இல்லை. வலி வரும் முன்பே குதிகால் வெளிப்பக்கம் லேசாகத் திரும்பிக்கொள்ளும். நடக்கும்போது அது ஒரு சின்ன இழுப்பு. நடைமானியின் முன் மட்டும் கட்டைவிரலை ஊன்றி அதை மறைக்கப் பழகியிருந்தாள்.

தூத்துக்குடிக்காரி. வயது முப்பத்து மூன்று. உலகத் தரவரிசையில் முப்பத்தைந்தாவது இடம். உலகக் கோப்பைக்கு முப்பத்திரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடம் ஊர் ஊராகப் பெட்டியும் நான்கு மட்டையுமாக அலைந்ததில் அந்த முப்பத்திரண்டுக்குள் அவள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. எட்டே பேர் ஆடுகிற போட்டி என்பதால் நாளைக்கு முதல் ஆட்டமே காலிறுதி. அதை ஜெயித்தால் முப்பத்தொன்று. தோற்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணுக்கால் அடுத்த வருடம் வரை வராது என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஓட்டல். ஜெசிந்தா மாதிரி ஆட்களை அந்தந்த ஊர் கிளப்பைச் சேர்ந்தவர்கள் தங்கள் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவார்கள். இந்தத் தடவை அவளுக்கு வாய்த்தது தனலெட்சுமி அக்கா. ஐம்பத்திரண்டு வயது, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை, வாரம் மூன்று நாள் கிளப்பில் ஸ்குவாஷ்.

மறுநாள் காலை ஜெசிந்தா கூடத்தில் உட்கார்ந்து மட்டைப்பிடிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்று வலது உள்ளங்கையைச் சுவரில் ஒரு தடவு தடவிவிட்டு அடுக்களைக்குப் போனாள். சுவரில் அந்த இடம் மட்டும் எண்ணெய் பட்ட மாதிரி கறுத்திருந்தது.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியர்வைக் கையைக் கண்ணாடிச் சுவரில் துடைத்துவிட்டுத்தான் ஸ்குவாஷ்காரர்கள் சர்வீஸ் போடுவார்கள். அவளுடைய பழக்கமும் அதுதான். விரல்களை விரித்து, மேலிருந்து கீழே, ஒரே தடவு.

"அக்கா, நம்ம அசைவேடு வாங்கியிருக்கியளா?"

"பின்ன? நீ வர்றேன்னு தெரியறதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன் லா. ரெண்டு மாசமாச்சு. என் டிராப்பை நீ பாக்கணும். எங்க கிளப்புல ஒருத்தியாலயும் எடுக்க முடியல!"

அசைவேடு என்றால் இன்றைக்குக் கைக்குழந்தைக்கும் தெரியும். கைதேர்ந்த ஒருவர் மெல்லிய பதிவுச்சட்டையைப் போட்டுக்கொண்டு தன் வேலையைச் செய்தால், எந்தத் தசை எப்போது இறுகியது, எது தளர்ந்தது என்று ஒன்றுவிடாமல் அதில் ஏறிவிடும். வாங்கியவர் பயில்சட்டையை மாட்டிக்கொண்டு தினம் அரைமணி நேரம் நின்றால் போதும், அதே அசைவு அவர் உடம்பில் வந்து படிந்துவிடும். அடுப்படிப் பக்கம் போகாதவர்கள் பரோட்டா வீசுகிறார்கள். தண்ணீரைக் கண்டால் அலறியவர்கள் நீந்துகிறார்கள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு அசைவேடு விடுவது வழக்கமாகிப் போனது. ஜெசிந்தா விட்டது இடது முன்மூலை டிராப். ஓங்கி அடிப்பது போல மட்டையைத் தூக்கி, கடைசியில் பந்தைத் தொட்டும் தொடாமலும் விட, அது முன்சுவரில் ஒட்டி உயிரில்லாமல் மூலையில் விழும். நாற்பதாயிரம் பேர் வாங்கியிருந்தார்கள்.

அக்கா இரண்டு தம்ளர் தேநீரோடு வந்தாள். அப்போதுதான் ஜெசிந்தா கவனித்தாள். நாடா சுற்றிய கை நின்றது.

"அக்கா, கால்ல என்ன?"

"கால்லயா? ஒண்ணுமில்லியே."

"இல்லக்கா, இடது காலை இழுத்து நடக்கிய."

"அதுவா!" அக்கா குலுங்கிச் சிரித்தாள். "உன் அசைவேடு போட்டதுல இருந்து இப்படித்தான். எங்க வீட்டுக்காரரு பயந்து போயி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அவரு படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, இருபது வயசுப் பொண்ணு கால் மாதிரி இருக்கு, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாரு. சரி, சாம்பியன் நடைபோலன்னு விட்டுட்டேன். ஏன், நான் சரியா நடக்கலியா?"

"சரியாத்தான் நடக்கிய," என்றாள் ஜெசிந்தா.

பதிவு செய்த நாளில் அவள் பந்தைத்தான் நினைத்தாள். கட்டைவிரலை ஊன்ற மறந்துவிட்டாள். நடைமானிக்குத் தெரியாதது பதிவுச்சட்டைக்குத் தெரிந்திருக்கிறது.

பசியாறக் கூட்டிப் போன கடையில் அக்காவின் கிளப் தோழிகள் மூன்று பேர் எழுந்து வந்து வரவேற்றார்கள். மூன்று பேரும் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார்கள். ஒரே அலையில் சாய்கிற வள்ளங்களைப் போல. அவர்களில் ஒருத்தி உட்காரும் முன் மேசையில் கையைத் தடவினாள். ரொட்டி சானாய் வந்தது. ஜெசிந்தாவுக்கு இறங்கவில்லை.

"இன்னிக்கு சாமளாகூடத்தானே ஆட்டம்? பயப்படாதே லா," என்றாள் அக்கா. "அவளும் உன் அசைவேடு வாங்கியிருக்கா. போன மாசம் கிளப்புக்கு வந்தப்ப அவளே சொன்னா. உன்மேல எவ்வளவு மரியாதை பாரு!"

மரியாதையா! பினாங்கு சாமளா உலகத்தில் பதினெட்டாவது இடம். மரியாதைக்கு அசைவேடு வாங்குகிற ஆள் இல்லை. டிராப் வருவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்க்க வாங்கியிருக்கிறாள்.

மாலை ஐந்து மணிக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் இறங்கினார்கள். பந்தைச் சூடாக்க மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். ஸ்குவாஷ் பந்து குளிர்ந்திருந்தால் எழும்பாது. அடித்து அடித்துத்தான் அதை எழுப்ப வேண்டும்.

"ஏய் ஜெசி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? தனா அக்கா சம்பல்ல காரம் அதிகமோ?" என்றாள் சாமளா.

"நீ பந்தப் பாருட்டி."

அக்காவும் தோழிகளும் முன்வரிசையில். ஆட்டம் தொடங்கியது. ஜெசிந்தா பயந்தது அப்படியே நடந்தது. அவள் டிராப் போட நினைத்து மட்டையைத் தூக்கும் முன்பே சாமளா மூலையில் நின்றாள், விருந்தாளிக்குக் காத்திருக்கிற மாதிரி. அவள் எங்கே பார்க்கிறாள் என்று ஜெசிந்தா ஓரக்கண்ணால் கவனித்தாள். சாமளாவின் பார்வை பந்தில் இல்லை. ஜெசிந்தாவின் இடது குதிகாலில் இருந்தது. அது திரும்பினால் டிராப். திரும்பாவிட்டால் நீள அடி. பதினொன்றுக்கு ஆறு. அடுத்ததும் போனது, பதினொன்றுக்கு ஐந்து. ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். இன்னும் ஒன்று போனால் உலகக் கோப்பையும் போனது.

இடைவேளையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து, "நான் டிராப் போட்டா எவளாலயும் எடுக்க முடியலியே, இவ மட்டும் எப்படி எடுக்கறா?" என்று தோழிகளிடம் அங்கலாய்த்தது கேட்டது.

மூன்றாவது ஆட்டத்தில் சாமளா சர்வீஸ் போட வந்தாள். விரல்களை விரித்து, கண்ணாடிச் சுவரில் மேலிருந்து கீழே ஒரே தடவு தடவினாள்.

ஜெசிந்தா மட்டையைத் தாழ்த்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"என்னா?" என்றாள் சாமளா.

"ஒண்ணுமில்ல. போடு."

அதற்குப் பிறகு ஜெசிந்தாவும் பந்தைப் பார்க்கவில்லை. சாமளாவின் இடது காலைப் பார்த்தாள். நான்காவது அடியிலேயே தெரிந்தது. சாமளாவின் கணுக்காலில் ஒரு குறையும் கிடையாது. குதிரை மாதிரி ஓடுகிறவள். ஆனால் இடது மூலையில் டிராப் போடப் போகிறாள் என்றால், அவள் குதிகால் வெளிப்பக்கம் லேசாகத் திரும்பியது. உளவு பார்க்கப் போட்ட சட்டை அவளையும் சும்மா விடவில்லை.

கூண்டுக்குள் நின்றுகொண்டு ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். நடுவர் முறைத்தார்.

மூன்றாவது ஆட்டம் ஜெசிந்தாவுக்கு. நான்காவதும். ஐந்தாவதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இவள் மூலைக்குப் போட்டால் அவள் அங்கே நிற்கிறாள். அவள் மூலைக்குப் போட்டால் இவள் நிற்கிறாள். தொண்ணூறு அடி, நூற்றுப் பத்து அடி என்று பந்து சாகாமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு டிராப்புக்கும் முன்னால் முன்வரிசையில் அக்காவும் மூன்று தோழிகளும் தங்களை அறியாமல் இடது குதிகாலைத் திருப்பினார்கள்.

பத்துக்குப் பத்து. ஜெசிந்தா ஒரு புள்ளி எடுத்தாள். இன்னும் ஒன்று.

பந்து நடுவே தளர்ந்து வந்தது. டிராப்புக்கென்றே வந்த பந்து. குதிகால் தானாகத் திரும்பியது. சாமளா பார்த்துவிட்டாள், ஒரே பாய்ச்சலில் மூலைக்கு ஓடினாள். அவள் படித்த அசைவேட்டில் குதிகால் திரும்பிய பிறகு ஜெசிந்தா வேறு எதையும் அடித்ததே இல்லை. அடிக்க முடியாது. அந்த நிலையிலிருந்து நீள அடிக்கு உந்த வேண்டுமானால் உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் குதிகாலில் ஊன்ற வேண்டும். நான்கு வருடமாக அதை ஊன்றாமல் இருப்பதற்காகத்தானே இத்தனையும்.

நாற்பதாயிரம் பேருக்குத் தெரிந்த பிறகு எதை மறைக்க? ஜெசிந்தா திரும்பிய குதிகாலை நேராக்கித் தரையில் ஊன்றினாள். "மாதாவே!" என்று கூண்டு அதிரக் கத்தினாள். பந்து சாமளாவின் தலைக்கு மேலே போய்ப் பின்மூலையில் விழுந்தது.

சாமளா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்சுவரில் சாய்ந்து நின்றபடி சிரித்தாள். பிறகு வந்து, நொண்டிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் தோளுக்குக் கைகொடுத்தாள்.

"ஆறு வாரமா எங்கம்மா கேக்கறாங்க, ஏண்டி இப்படி நடக்கறேன்னு. ஸ்டைல்னு சொல்லி வச்சிருக்கேன். நடைமானி முன்னாடி மட்டும் கவனமா நேரா நடந்துக்கறேன். இவ்வளவு வலிக்குமா உனக்கு?"

"உனக்கு வலிக்கலையா?"

"நடைதான் வந்துச்சு, வலி வரல. அது உன்கிட்டயே இருக்கு. போயி டாக்டரப் பாரு ஜெசி. இல்லன்னா நானே போயி நடைமானிகிட்ட சொல்லிக்குடுத்துருவேன்."

ஜெசிந்தா அன்று நொண்டியபடியே அரையிறுதியிலிருந்து விலகிக்கொண்டாள். அதனால் என்ன, முப்பத்தொன்று முப்பத்தொன்றுதான். உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம் இருந்தது. ஊருக்கு வந்து கணுக்காலுக்குச் சிகிச்சை செய்துகொண்டாள். ஒரு மாதம் கட்டு, பிறகு கடற்கரை மணலில் மெல்ல மெல்ல நடை, பிறகு ஓட்டம். ஐந்தாவது மாதத்தில் இடது குதிகால் தரையில் நேராக விழுந்தது. வலி இல்லை, இழுப்பும் இல்லை.

புது நடையைப் பதிந்து அக்காவுக்கு முதல் ஆளாக அனுப்பி வைத்தாள். அக்கா உடனே கூப்பிட்டாள்.

"வேணாம் லா, ஜெசி. அந்த மேட்ச்ச பாத்துட்டு எங்க தெருவே உன் பழைய அசைவேட்ட வாங்கிடுச்சு. இப்ப நான் மட்டும் நேரா நடந்தா, உனக்குக் கால்ல என்ன கோளாறுன்னு கேப்பாங்க."

தெரு மட்டுமா வாங்கியது? பதினெட்டாம் இடத்தை முப்பத்தைந்தாம் இடம் தோற்கடித்தால் ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இதெல்லாம் ஜெசிந்தாவுக்கு அலெக்சாந்திரியாவில், உலகக் கோப்பை வாசலில்தான் புரிந்தது. நடைமானிக்கு முன்னால் வரிசை நின்றது. ஒருத்தி போனாள், இடது காலை இழுத்துக்கொண்டு. பச்சை. அடுத்தவள் போனாள், அதே இழுப்பு. பச்சை. சாமளா திரும்பிப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு இழுத்து இழுத்துப் போனாள். பச்சை.

ஜெசிந்தாவின் முறை வந்தது. நான்கு வருடத்தில் முதல் முறையாகக் கட்டைவிரலை ஊன்றாமல், எதையும் மறைக்காமல், கையை வீசி நடந்தாள். பன்னிரண்டு எட்டு.

சிவப்பு.

"நடையில் பிழை காட்டுகிறது. இடது காலில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார் வாசலில் இருந்த மருத்துவ அதிகாரி.

"இப்பதான் ஒண்ணுமில்ல," என்று தமிழிலேயே முனகினாள் ஜெசிந்தா. பிறகு அவருக்குப் புரியும்படி, "இன்னொரு தடவை நடக்கலாமா?" என்றாள்.

"ஒரே ஒரு தடவை. அதிலும் சிவப்பு என்றால் விதி உங்களுக்கே தெரியும்."

வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சாமளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேணும்னா என்னோட நடையத் தரவா, ஜெசி? உன்னுதுதான், பத்திரமா வச்சிருக்கேன்!"

ஜெசிந்தா திரும்பிப் போய் வரிசையின் முனையில் நின்றாள். வலது உள்ளங்கையை நடைமானியின் கண்ணாடியில் ஒரு தடவு தடவினாள். பதினொரு வருடக் கனவு பன்னிரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. குணமான குதிகாலை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பி, நன்றாகப் பார்த்துக்கொள் என்பது போல இழுத்து இழுத்து நடந்தாள்.

பச்சை.

அதிகாரி நிம்மதியாகத் தலையாட்டினார். "இப்போது சரியாக நடக்கிறீர்கள். முதலில் ஏன் அப்படி நடந்தீர்கள்?"

"புதிதாகப் பழகியது, சார்," என்றாள் ஜெசிந்தா. "இனிமேல் கவனமாக இருக்கிறேன்."