ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்றுகள்

காலையில் ஜன்னலோரம் வைத்திருந்த நாற்றுத் தட்டைப் பார்த்தவுடனே தையல்காரிக்கு என்னவோ உறுத்தியது. வெளிச்சத்தைத் தேடிச் சாயவேண்டிய பைன் நாற்றுகள் எல்லாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளே சாய்ந்திருந்தன.

மலைக்காட்டு நாற்றங்காலில் வேலை பார்க்கும் அண்ணன் கொடுத்த விதைகள். அந்த மலைக்கே உரிய மரம். ஈரமணலில் புதைத்து, ஃபிரிட்ஜில் வைத்துப் பனிக்காலம் என்று நம்பவைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துப் பார்த்து முளைக்கவைத்திருந்தாள். விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு அவை தலைதூக்கிய அன்று, லாரி ஓட்டும் கணவன் போனில் அலுத்துக்கொண்டான்: "என்னை ஒருநாள் இப்படி விசாரிச்சிருப்பியா?"

தட்டைத் திருப்பி வைத்தாள். மதியம் தையலை முடித்து நிமிர்ந்தபோது அவை மறுபடியும் உள்பக்கமே சாய்ந்திருந்தன, இன்னும் தாழ்வாக, காற்றே இல்லாத அறையில் காற்றடித்த மாதிரி. மெஷின் எண்ணெய் வாசனைக்கு அடியில், நாள்பட்ட ஈரத்துணியின் நாற்றம் ஒன்று ஜன்னல் இடுக்கு வழியே கசிந்து வந்துகொண்டிருந்தது.

அந்தி மங்கும்போது அண்ணனை அழைத்தாள்.

"செடி வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போகும்மா. விலகாது."

"விலகுதே அண்ணா. எதையோ பார்த்துப் பயந்த மாதிரி."

"பயம் உனக்குத்தான். பக்கத்து வீட்டு ஏசி சூட்டைக் கக்குதோ என்னவோ, ஜன்னலைத் திறந்து பாரு."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். நனைந்த சுவர். காலிச் சந்து. கன்னத்தைச் சில்லென்று எதுவோ உரசிப்போனது. வெடுக்கென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

நாற்றுகள் நிமிர்ந்துகொண்டிருந்தன. அவள் கண்ணெதிரே.

"அண்ணா, நேராயிடுச்சு!" சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான்தான் சொன்னேனே."

நேரானவை அதோடு நிற்கவில்லை. மெல்ல, மெல்ல, ஜன்னல் பக்கம் சாயத் தொடங்கின. அறையை விட்டு விலகி.

ஈரத்துணி நாற்றம். இப்போது முதுகுப் பக்கமிருந்து.

"அம்மாடி, மாப்பிள்ளை வந்துட்டாரா? யாரோ மூச்சு வாங்குறது கேக்குதே."

அவள் ஜன்னல் கண்ணாடியையே பார்த்தபடி நின்றாள். திரும்பவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

நாற்றுகள் கண்ணாடியோடு ஒட்டி மடங்கின. அவற்றுக்கு மேலே, அவள் தோளுயரத்தில், கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது.

தெளிந்தது.

மறுபடி வெளுத்தது.