ஊட்டிய கை

மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குப் பின்னால் அந்த இயற்கை மருத்துவமனை இருக்கிறது. பழைய மிளகுக் கிடங்குக்கு வெள்ளையடித்து ஆஸ்பத்திரி ஆக்கியிருக்கிறார்கள். ஜூன் மாத மழையில் பள்ளுருத்தியிலிருந்து நானும் என் கணவர் கல்யாணராமனும் ஆட்டோவில் போய் இறங்கினோம். அவருக்கு மூட்டுவாதம். ஏழு நாள் உபவாசம் என்று டாக்டர் அஞ்சனா எழுதிவிட்டாள். தேனும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் மட்டும்தான். கூட இருக்கும் நான் கீழே கூடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம், அறைக்கு ஒரு பருக்கை கொண்டுபோகக் கூடாது.

எனக்கு அப்போதே கோபம். முப்பத்தொரு வருஷமாக வேளை தவறாமல் நான் சோறு போட்ட மனுஷனை ஒரு சின்னப் பெண் பட்டினி போடுவாளாம், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கணுமாம்.

தினமும் மதியம் மூன்று மணிக்கு மண்பட்டி வைப்பார்கள். துணியில் பொதிந்த ஈரமண்ணைக் கண்மேலும் வயிற்றின்மேலும் வைத்து, அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். கூட இருப்பவர்கள் வெளியே போய்விட வேண்டும். இரண்டாம் நாள் அந்த நேரம் பார்த்து நான் திருட்டுத்தனமாக உள்ளே போனேன். முந்தானைக்குள் ஒளித்துவைத்த தயிர்சாதத்தில், கடுமாங்காய் ஊறுகாய்த் துண்டோடு ஒரே ஒரு உருண்டையை அவர் வாயில் வைத்தேன். பேசக் கூடாது என்று காதோடு சொன்னேன். அவர் கண் மூடியபடியே சிரித்தார்.

வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அதோடு நிறுத்திவிட்டேன். சத்தியமாக அந்த ஒரு உருண்டைதான்.

நான்காம் நாளிலிருந்து அவர் பசி என்றே சொல்லவில்லை. ஆனால் எடை இறங்கிக்கொண்டே போனது, கன்னம் ஒட்டி ஆளே பாதியாகிவிட்டார். ஏழாம் நாள் உபவாசத்தை முடிக்க ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தார்கள். வயிறு நிறைந்திருக்கிறது என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். எட்டாம் நாளும் அதே கதை. இனியும் சாப்பிடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற அஞ்சனா, என்னைத் தனியே கூப்பிட்டு, ரகசியமாக ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். எனக்கு வாய் நீளம். நாலு பேர் கேட்கக் கத்தித் தீர்த்தேன். செய்த தப்பை மறைக்கத்தான் அந்தக் கத்தல், வேறென்ன.

அன்று மூன்று மணிக்கு அறைக் கதவை மெல்லத் தள்ளினேன்.

மழை மூட்டத்தில் உள்ளே மங்கலாக இருந்தது. சுவரில் ஊறிப்போன மிளகு நெடிக்கு மேலே புளித்த தயிர் வாசனை வந்தது. அவர் கண்ணில் மண்பட்டியோடு மல்லாந்து படுத்திருந்தார்.

வாய் திறந்தது.

மூடியது.

மென்றார். விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது.

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

"பாக்யம்," என்றார், நான் நிற்காத பக்கமாக முகத்தைத் திருப்பி. "நாரத்தங்கா எப்போ போட்டே? நன்னாருக்கு, கேட்டயா."

எங்கள் வீட்டுக்குள் நாரத்தங்காய் நுழைந்ததே கிடையாது.

நான் அலறியபடி மண்பட்டியைப் பிடுங்கி எறிந்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீதானே தெனம் வந்து ஊட்டறே? பேசப்படாதுன்னு சொன்னதும் நீதானே?"

சத்தம் கேட்டு ஓடிவந்தாள் செல்வலட்சுமி, மண்பட்டி வைக்கிறவள், தேனிக்காரி. என்ன நடந்தது என்று அவள் கேட்கக்கூட இல்லை. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"போன வருசமும் இதே கட்டில்தாம்மா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "எங்க ஊர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க. டாக்டருக்குத் தெரியாம, உபவாசம் முடியிற அன்னிக்கு, புருசனுக்கு வயிறு முட்டத் தயிர்சோறு ஊட்டிட்டாங்க. பாதியிலயே அவருக்கு உயிர் போயிருச்சு. நாங்க போய்ப் பாக்கறப்பவும் ஊட்டிக்கிட்டேதான் இருந்தாங்க."

அந்த அம்மா இப்போது எங்கே என்று கேட்டேன். அடுத்த மாதமே சோறு தண்ணி இறங்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

நேரே அஞ்சனாவிடம் போய், முதல் உருண்டையை ஊட்டியது என் கைதான் என்று ஒப்புக்கொண்டேன். பாவம், அவள் திட்டவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். தோப்பும்படிப் பாலம் தாண்டி எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அவர் முகத்தில் களை வந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாடா என்று அழுதேவிட்டேன். இனி மருந்தைவிட வாய்வழி ஆகாரம்தான் முக்கியம், கஞ்சி கொடுங்கள் என்றார் அங்குள்ள டாக்டர்.

பட்டப்பகல். மழை விட்டு ஜன்னலில் நல்ல வெயில். வார்டு முழுக்க ஆட்கள், யாரோ போனில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கஞ்சியை ஊதி ஆற்றி, ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"ஒரு வாய், ஏன்னா."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். யார் என்று தெரிந்துதான் பார்த்தார். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் இரு, பாக்யம்," என்றார் மெதுவாக. "அவா இப்போதான் பெசஞ்சுண்டிருக்கா."

நான் ஸ்பூனை நீட்டியபடியே இருந்தேன். அவர் மறுபக்கம் திரும்பி, வெறும் சுவரைப் பார்த்து, வாயைத் திறந்தார்.