பழைய தண்ணீர்

விளக்குக்குள்ளிருந்து வடிந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

ரேணுகா விரலை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். மீன் தொட்டியின் மேல் மாட்டும் நீளமான எல்.இ.டி. விளக்கு அது. கிளிப் உடைந்து தொட்டிக்குள் விழுந்ததிலிருந்து எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி பால்கனிக் கதவோரம் போட்டிருந்தாள். முகப்பேர் முழுவதும் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. தரையில் கால் வைத்தால் சில்லிட்டது. இந்தத் தண்ணீருக்கு மட்டும் எங்கிருந்து சூடு?

காய்ச்சல் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தவள், உடனே அந்த நினைப்பை உதறினாள். மகள் ரோஷினிக்குக் காலையில்தான் காய்ச்சல் விட்டிருந்தது. வாரம் முழுக்க அனலாய்க் கொதித்த அந்தச் சின்ன உடம்பு, உள்ளறையில் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அதே வாரத்தில்தான் மீன்களும் செத்தன. மகளுக்குச் சூடு ஏறிய ஒவ்வோர் இரவும் விடிந்தபோது ஒரு மீன் மிதந்தது. இன்று கடைசி மீன். அதைக் குப்பையோடு போட்டுவிட்டு வந்து நெற்றியைத் தொட்டால், சூடு போயிருந்தது. ரோஷினிக்கு எதுவும் தெரியாது. அவள் எழுந்து வந்து பார்ப்பதற்குள் விளக்கு எரிய வேண்டும். கணவன் ராகவன் ஆபீஸிலிருந்து வரும்போது அதே ஆரஞ்சு நிறத்தில் புது மீன்கள் வாங்கி வருவான்.

திருமுல்லைவாயிலில் கலர் மீன் கடை வைத்திருக்கும் அமல்ராஜ் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"சைடு மூடியக் கழட்டிட்டியாக்கா? உள்ள பச்சையா பூத்துகீதா?"

"ஆமா."

"ஸ்பிரிட் தொட்டுத் தொடச்சிடு. அப்பால ஹேர் டிரையர் காட்டு. நல்லாக் காஞ்சாத்தான் சிலிகான் வெச்சு மூடணும், சொல்ட்டேன்."

"எல்லா மீனும் போயிடுச்சு, அமல்."

"அட, வுடுக்கா. ஊட்ல யாருக்கோ வந்தத அது வாங்கிகினு போச்சுன்னு நெனச்சுக்கோ. நம்ம கஸ்டமருங்க பாதிப்பேர் அதுக்கோசரமே மீன் வளக்கறாங்கோ." சிரித்தான். "தண்ணிய மாத்திட்டல்ல?"

"இல்லையே. பழைய தண்ணி இருந்தாத்தான் புது மீன் தங்கும்னு நீதானே சொன்னே?"

சிரிப்பு நின்றது.

"அது வேறக்கா. மீன் வாங்கினதெல்லாம் அந்தத் தண்ணிலதான் கீது. அத்த எதுக்கு ஊட்ல வெச்சுகினு கீற? கொட்டிடு. மொதல்ல அத்தக் கொட்டு."

சுவரோரம் தொட்டி கருப்பாக நின்றது. ஒரு ஆளாகச் சாய்க்க முடியாத எடை. ராகவனைக் கூப்பிட்டாள்.

"எஸ்டேட் சிக்னல்லயே நிக்கிறேன்மா. முட்டி வரைக்கும் தண்ணி. மீன் கடையெல்லாம் மூடிட்டான்."

"மீன் வேண்டாங்க. நீங்க வந்தாப் போதும். அந்தத் தண்ணிய வீட்ல வைக்கக் கூடாதாம்."

"லைட் ப்ராப்ளம்னா இப்பவே பாத்துடலாம். பேய் ப்ராப்ளம்னா நாளைக்கு எங்க ஆபீஸ் ஹெல்ப்டெஸ்க்ல டிக்கெட் போடு, சரியா?" அவனுடைய சிரிப்பு ஹாரன் சத்தத்தில் கரைந்தது.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். விளக்கை மடியில் வைத்துத் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடியும் கசிந்தது, எந்த விரிசலும் இல்லாத இடத்திலிருந்து, நிதானமாக, வியர்வை அரும்புவது போல. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். பாசி வாடை இல்லை. ஸ்ட்ராபெரி வாடை. வாரம் முழுக்க ரோஷினிக்கு அளந்து ஊற்றிய காய்ச்சல் மருந்தின் வாடை.

எழுந்து உள்ளே ஓடினாள். ஈரக் கையாலேயே மகளின் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. வெளியே வந்து, தனக்குத் தானே ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு, ஹேர் டிரையரைப் பிடித்தாள். ஒருவழியாக உள்ளே காய்ந்தது. மூடியைப் பொருத்தி, விளிம்பெல்லாம் சிலிகானை விரலால் தடவினாள். அது இறுக ஒரு நாளாவது விட வேண்டும்.

"அம்மா."

உள்ளறையிலிருந்து. மெல்லிய குரல்.

"இருட்டா இருக்கும்மா. மீனு லைட் போடு."

"போடறேன்டா தங்கம், படுத்துக்கோ."

விளக்கைத் தொட்டியின் மேல் வைத்தாள். பிளக்கைச் சொருகினாள்.

நீல வெளிச்சம் கூடம் முழுக்கப் பரவியது. சரிசெய்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு கணம் இருந்தது.

பிறகு தொட்டியைப் பார்த்தாள்.

எல்லா மீன்களும் இருந்தன. அவள் கையாலேயே எடுத்துப் போட்ட மீன்கள். நீந்தவில்லை. வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. உள்ளறைப் பக்கம்.

வாயைத் திறக்கவில்லை. செவுள் அசையவில்லை. மூச்சே தேவையில்லாதவை போல நின்றன.

அவை திரும்பி வந்துவிட்டன. அப்படியானால், அவை வாங்கிக்கொண்டது?

பிளக்கைப் பிடுங்கினாள்.

பிளக் கையில் இருந்தது. விளக்கு எரிந்தது.

"ரோஷினி!"

ஓடினாள். வாசற்படியில் கால் நின்றுவிட்டது.

உள்ளறையிலும் அதே நீலம். கட்டிலில் ரோஷினி மல்லாந்து கிடந்தாள். தலைமுடி தலையணையில் ஒட்டவில்லை. காற்றில் மிதந்து, மெதுவாக அலைந்துகொண்டிருந்தது.

கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

வாய் திறந்தது. மூடியது.

சத்தமில்லாமல், திறந்தது. மூடியது.